பழைய ஃப்ளாப்பி டிரைவ்: பராமரிப்பும் பழுதுபார்ப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய டிரைவை இன்னும் ஓட்டியாக வேண்டியவர்களுக்காக எழுதியது இது. ஃப்ளாப்பியில் புரோகிராம் ஏற்றும் பழைய சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும்) மெஷின் வைத்திருக்கும் ஓசூர் பட்டறைக்காரர்கள், அந்தக் காலத்து டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கோப்புகளை மீட்க நினைப்பவர்கள், பழைய கணினிகளைச் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். 5.25 அங்குலம், 3.5 அங்குலம் இரண்டையும் பற்றிப் பேசுகிறோம். கடைசியில் பழைய ஹார்ட் டிஸ்க் பற்றியும் கொஞ்சம் உண்டு.

எந்த ஃப்ளாப்பியைப் போட்டாலும் படிக்கவில்லை. டிரைவ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஹெட்டில் (டிஸ்க்கைப் படித்து எழுதும் முனை) அழுக்கு, ஹெட் நகரும் கம்பிகளில் காய்ந்த கிரீஸ், சென்சார் மேல் தூசி ஆகிய மூன்றும்தான் முக்கால்வாசிப் பழுதுக்குக் காரணம். மூன்றும் துடைத்தால் போகும். அதனால் ஒரு வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். முதலில் கேபிளும் மின்சாரமும், அடுத்து சுத்தம், பிறகு எண்ணெய், பிறகு வேகம். அலைன்மெண்ட், அதாவது டிஸ்க்கின் டிராக்குக்கு (தகவல் பதியும் வட்டப் பாதை) நேராக ஹெட் நிற்கும் நிலை, எல்லாவற்றுக்கும் கடைசி. ஹெட்டைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்குரூவை முதல் நாளே தளர்த்திப் பார்ப்பவர்கள்தான் நல்ல டிரைவைக் கெடுக்கிறார்கள். தூசியைத் துடைத்துவிடலாம். தொழிற்சாலையில் வைத்த அலைன்மெண்ட் ஒருமுறை நகர்ந்துவிட்டால், அதைத் திரும்பக் கொண்டுவர ஆசிலோஸ்கோப்பும் அதற்கென்றே தயாரித்த அளவு டிஸ்க்கும் வேண்டும்.

இன்னொன்று. உங்களிடம் ஒரே பிரதியாக இருக்கும் ஃப்ளாப்பியைச் சோதனைக்குப் போடாதீர்கள். அழுக்கு ஹெட் அதைக் கீறிவிடும். போனால் வருத்தமில்லாத ஒன்றை வைத்து டிரைவைச் சரிபார்த்த பிறகே முக்கியமானதை உள்ளே விடுங்கள்.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (இனி ஐ.பி.ஏ. என்றே சொல்கிறோம்), ஸ்பாஞ்சு முனை வைத்த குச்சி, நூல் விடாத துணி, மெல்லிய பிரஷ், கேமரா துடைக்கப் பயன்படும் ரப்பர் புளோயர், தையல் மெஷின் எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ், மல்டிமீட்டர். இவை போதும். ஐ.பி.ஏ.யும் கெப்பாசிட்டர் வகைகளும் உள்ளூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோடுதான் பக்கம். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சென்னை போகிறவர்கள் ரிச்சி தெருவில் வாங்கிக்கொள்ளலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் கலந்திருக்கும் சேர்மானம் ஹெட்டில் படலமாகத் தங்கும். சானிடைசர் இன்னும் மோசம், அதில் கிளிசரின் இருக்கிறது. சாதாரண பஞ்சுக் குச்சியின் இழை மேல் ஹெட்டின் மெல்லிய ஸ்பிரிங்கில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதையும் தவிர்க்கவும்.

பட்டறை கம்ப்ரஸர் காற்றை டிரைவுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்த் துளியும் கலந்து வரும். அழுத்தமும் மிக அதிகம், மேல் ஹெட்டை வளைத்துவிடும்.

ஹெட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் தட்டைத் தொடாமல் மிதக்கும். ஃப்ளாப்பியில் அப்படி இல்லை, ஹெட் டிஸ்க்கை உரசிக்கொண்டேதான் படிக்கும். டிஸ்க்கிலிருந்து உதிரும் பழுப்புத் தூள் ஹெட்டின் நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளியில் படிந்தால் சிக்னல் பலவீனமாகிவிடும். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் பட்டறைக்கு அருகில் இருக்கும் டிரைவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது ஹெட்டையும் தேய்க்கும், டிஸ்க்கையும் வட்டமாகக் கீறும். அத்தகைய இடத்தில் உள்ள டிரைவின் வாய்க்கு ஒரு மூடி போட்டு வைப்பது அவசியம்.

மின்சாரத்தைத் துண்டித்து, டிரைவைக் கழற்றி, மேல் தகட்டை எடுங்கள். இரண்டு பக்கமும் படிக்கும் டிரைவில் கீழ் ஹெட் அசையாமல் இருக்கும், மேல் ஹெட் ஒரு கையின் நுனியில் மெல்லிய உலோக இதழில் தொங்கும். அந்தக் கையை ஓரத்தில் பிடித்து, குச்சி நுழையும் அளவுக்கு, அதாவது சில மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். அதற்கு மேல் தூக்கினால் இதழ் வளையும். வளைந்த இதழைப் பழையபடி நிமிர்த்த முடியாது, டிரைவ் அதோடு முடிந்தது.

ஸ்பாஞ்சுக் குச்சியை ஐ.பி.ஏ.யில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். அழுத்தாமல் ஹெட்டின் மேல் முன்னும் பின்னும் இழுங்கள். குச்சியில் பழுப்பு நிறம் ஒட்டினால் புதுக் குச்சியை எடுத்து, நிறம் வருவது நிற்கும் வரை தொடருங்கள். ஒரு சொட்டு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தாலோ ஊசியாலோ சுரண்டக் கூடாது. நனைந்த குச்சியை அதன் மேல் அரை நிமிடம் வைத்திருந்தால் இளகிவிடும். பிறகு ஐந்து நிமிடம் காய விடுங்கள். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் ஹெட் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் படிக்கும் பழைய 5.25 டிரைவில் மேலே ஹெட் இருக்காது. அந்த இடத்தில் டிஸ்க்கை ஹெட்டோடு அழுத்தும் சிறிய ஃபெல்ட் துண்டு இருக்கும். அது தேய்ந்து, கறுத்து, கெட்டியாகியிருந்தால் மாற்ற வேண்டும். அதே தடிமனும் அதே விட்டமும் உள்ள மெல்லிய ஃபெல்ட்டை வெட்டி ஒட்டலாம். ஃபெல்ட்டில் ஐ.பி.ஏ. ஊற்ற வேண்டாம்.

கடையில் வரும் கிளீனிங் டிஸ்க்கைப் போட்டால் போதாதா?

ஈரம் போட்டு ஓட்டும் வகையென்றால், ஓரளவு சுத்தமாக உள்ள டிரைவை அப்படியே வைத்துக்கொள்ள உதவும். உலர்ந்த சொரசொரப்பு வகை ஹெட்டைத் தேய்க்கிறது, அது வேண்டாம். வருடக்கணக்கில் ஓடாத டிரைவில் எந்த வகையையும் போடாதீர்கள். காய்ந்த அழுக்கை அது இடம் மாற்றுமே தவிர எடுக்காது.

டிரைவ் கட கடவென்று முட்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

கணினி ஆன் ஆனதும் ஹெட் வெளி ஓரத்துக்கு, அதாவது 0 டிராக்குக்குப் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததைச் சொல்ல ஓர் ஒளிச் சென்சார் உண்டு. ஹெட் வண்டியில் இருக்கும் சிறு தகடு சென்சாரின் இடுக்கில் நுழைந்து ஒளியை மறைக்கும். சென்சார் தூசியால் மறைந்தோ, எல்.இ.டி. மங்கியோ இருந்தால் கண்ட்ரோலருக்குத் தகவல் போகாது. அது "இன்னும் போ, இன்னும் போ" என்று விரட்டும், வண்டி முட்டில் போய் இடிக்கும்.

பிரஷாலும் ஐ.பி.ஏ.யாலும் சென்சாரின் இரண்டு பக்கத்தையும் துடையுங்கள். சரியாகாவிட்டால் டிரைவின் 34 பின் கேபிள் இணைப்பில் 26ஆம் பின்னை மல்டிமீட்டரில் பாருங்கள். டிரைவ் செலக்ட் ஆகியிருக்கும்போது, வண்டி 0 டிராக்கில் இருந்தால் அங்கே 0 வோல்ட்டுக்குப் பக்கமாகவும், வண்டி உள்ளே இருந்தால் 5 வோல்ட்டுக்குப் பக்கமாகவும் காட்ட வேண்டும். 34 பின் கேபிளில் ஒற்றைப்படை எண்கள் எல்லாமே எர்த் என்பதால் கறுப்பு முனையை அவற்றில் ஒன்றில் வைக்கலாம்.

முட்டாமல், ஆனால் நடுவழியில் சிக்கி நின்றால் அது சென்சார் வேலை இல்லை, கிரீஸ் வேலை.

எங்கே எண்ணெய், எங்கே கிரீஸ், எங்கே எதுவும் கூடாது?

வண்டி நகரும் இரண்டு எஃகுக் கம்பிகளை முதலில் ஐ.பி.ஏ. நனைத்த துணியால் துடையுங்கள். பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து மஞ்சளாக வரும். துடைத்த பிறகு வண்டி விரல் தொட்டாலே வழுக்குகிறது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். உரசினால் மட்டும் குச்சி முனையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் எடுத்துக் கம்பியில் தடவி, மீதியைத் துடைத்துவிடுங்கள். பளபளப்பு தெரிந்தால் போதும், ஈரம் தெரியக் கூடாது. ஈரமான கம்பி தூசியைப் பிடித்து மாவாக்கும்.

3.5 அங்குல டிரைவில் ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டே சுருள் பள்ளம் கொண்ட திருகாக இருக்கும். வண்டியிலிருந்து ஒரு சிறு ஊசி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தைச் சுத்தம் செய்து, லித்தியம் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். ஊசியைப் பள்ளத்திலிருந்து பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

டேண்டன் டி.எம்.100 போன்ற பழைய 5.25 டிரைவில் திருகு இருக்காது. மோட்டார் புல்லியிலிருந்து ஓர் எஃகுப் பட்டை வண்டியை இழுக்கும். அந்தப் பட்டையில் எண்ணெய் படக் கூடாது, மடக்கவும் கூடாது.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3000 அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிக் காலையில் டிரைவ் அசையாது. துரு நீக்கும் ஸ்பிரேயும் மசகு எண்ணெய் ஆகாது. அது ஆவியாகிப் பிசினை விட்டுப் போகும்.

ஃப்ளாப்பி உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது.

3.5 டிரைவில் மிகவும் ஆபத்தான அறிகுறி இதுதான். டிஸ்க்கை வெளியே தள்ளும் முன் மேல் ஹெட் உயர வேண்டும். பக்கவாட்டில் சறுக்கும் தகட்டில் கிரீஸ் உறைந்திருந்தால் ஹெட் முழுதாக உயராது. அந்த நிலையில் டிஸ்க்கை இழுத்தால், டிஸ்க்கின் உலோகக் கதவு ஹெட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். பழைய மேக் கணினிகளில் மோட்டாரால் தானே வெளித்தள்ளும் சோனி டிரைவ்கள் இப்படித்தான் அதிகம் கெடுகின்றன.

பலமாக இழுக்காமல் டிரைவைப் பிரித்து, சறுக்குத் தகட்டைக் கையால் முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, ஹெட் உயர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே டிஸ்க்கை எடுங்கள். பிறகு தகட்டைக் கழற்றிப் பழைய கிரீஸை முழுவதுமாக நீக்கி, உரசும் இடங்களில் மட்டும் புது லித்தியம் கிரீஸ் வையுங்கள். பழையதன் மேலேயே புதியதைப் பூசுவது சில மாதம்தான் தாங்கும்.

வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

360 கே.பி., 720 கே.பி., 1.44 எம்.பி. டிரைவ்கள் நிமிடத்துக்கு 300 சுற்று. 5.25 அங்குல 1.2 எம்.பி. டிரைவ் மட்டும் 360 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு முறையே 200 மில்லி செகண்ட், சுமார் 166.7 மில்லி செகண்ட். ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் சரிசெய்யுங்கள்.

பெல்ட் வைத்த பழைய டிரைவின் அடியில் புல்லிமேல் கறுப்புவெள்ளைக் கோடுகள் இரண்டு வளையமாக இருக்கும், 50 என்றும் 60 என்றும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50 வளையத்தைப் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. ஆனால் அந்த டியூப் லைட் பழைய இரும்புச் சோக் வைத்ததாக இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சோக்கும் இன்றைய எல்.இ.டி. டியூபும் நொடிக்கு 100 முறை தெளிவாக மினுக்காது, அவற்றின் வெளிச்சத்தில் கோடுகள் நிற்கவே நிற்காது. வேகம் தவறு என்று எண்ணி டிரிம்பாட்டை (வேகத்தை மாற்றும் சிறு திருகு) திருகத் தொடங்கிவிடாதீர்கள்.

இன்னொரு வழி, 8ஆம் பின்னில் சுற்றுக்கு ஒருமுறை வரும் இன்டெக்ஸ் துடிப்பு. 300 சுற்றுக்கு நொடிக்கு 5, 360 சுற்றுக்கு 6. ஆசிலோஸ்கோப் இருந்தால் உடனே தெரியும். மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் அளவு இருந்தாலும், பல மீட்டர்கள் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே காட்டுவதில்லை. ஃப்ளாப்பி டிரைவைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் என்ற யு.எஸ்.பி. பலகை வைத்திருந்தால் அதன் மென்பொருளே வேகத்தைச் சொல்லிவிடும்.

டியாக் எஃப்.டி-55 போல நேரடி மோட்டார் வைத்த டிரைவ்களின் வேகத்தை மின்சுற்றே கட்டுப்படுத்துகிறது. அதில் வேகம் தவறினால் திருகுவதற்கு ஒன்றும் இருக்காது. காரணம் காய்ந்த ஸ்பிண்டில் பேரிங், மோட்டார் போர்டில் கசிந்த கெப்பாசிட்டர் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

பெல்ட் தளர்ந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போடலாமா?

கூடாது. ரப்பர் பேண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுச் சுருங்கும். சராசரி வேகம் 300 என்று காட்டும், ஆனால் ஒரே சுற்றுக்குள் வேகம் ஏறி இறங்கும். சில செக்டர் (டிராக்கின் ஒரு துண்டு) படிக்கும், சில படிக்காது. பெல்ட் போகும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுத்து, அதைவிட சுமார் 5 சதவீதம் குறைந்த சுற்றளவுள்ள தட்டை பெல்ட் வாங்குங்கள். பழைய டேப் ரெக்கார்டர் பழுதுபார்ப்பவர்களிடம் சில அளவுகள் கிடைக்கலாம், அகலமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய பெல்ட் தாராக உருகியிருந்தால் இரண்டு புல்லியையும் ஐ.பி.ஏ.யால் துடைத்து, விரல் படாமல் புதியதை மாட்டவும்.

ஆன் செய்ததும் பவர் சப்ளையே நின்றுவிடுகிறது.

டிரைவின் 12 வோல்ட் வழியில் உள்ள டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மழைத்துளி வடிவில் இருக்கும் அது பழைய 5.25 டிரைவ்களிலும் எம்.எஃப்.எம். என்ற பழைய பதிவு முறையில் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் நிறைய உண்டு. கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிரைவின் பவர் சாக்கெட்டில் மஞ்சள் வயர் பின்னுக்கும் கறுப்புக்கும் நடுவே ஓம் அளவெடுங்கள். ஓரிரு ஓம் காட்டினால் ஷார்ட். சிவப்புக்கும் (5 வோல்ட்) அதே சோதனை.

மாற்றும்போது மைக்ரோஃபாராட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் கூட்டிக்கொள்ளலாம், கூட்டுவதும் நல்லது. 12 வோல்ட் வழியில் 16 வோல்ட் டான்டலம் இருந்தால் 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள். பிளஸ் குறியை மாற்றிப் போட்டால் அது பற்றிக்கொண்டு எரியும்.

போர்டில் மீன் வாடை வருகிறது, தடங்கள் கறுத்திருக்கின்றன.

1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த 3.5 டிரைவ்களில் உள்ள சிறு அலுமினிய உருளைக் கெப்பாசிட்டர்கள் கசிகின்றன. மேலிருந்து பார்த்தால் கெடாததுபோலவே இருக்கும். சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் வாடை எழுந்தால் கசிவு உறுதி. திரவம் செம்புத் தடங்களை அரித்துப் பச்சையாகவோ கறுப்பாகவோ ஆக்கும். தாமதித்தால் தடமே அறுந்துபோகும்.

முதலில் ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும் அளவையும், எந்தப் பக்கம் மைனஸ் பட்டை என்பதையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கியால் முறுக்கிப் பிடுங்கும் வழக்கம் இருக்கிறது, அரித்த போர்டில் அது தடத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். இரண்டு அயர்ன் வைத்து இரு காலையும் ஒரே நேரத்தில் இளக்குவதே பாதுகாப்பு. கால்கள் ஒட்ட மறுத்தால் புது சால்டரும் ஃபிளக்ஸும் சேர்த்து முதலில் பழையதைக் கலக்குங்கள். எடுத்த பிறகு அந்த இடத்தை ஐ.பி.ஏ.யும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவி, தடம் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டர் பீப் ஒலியில் சோதித்துவிட்டுப் புதியதை வையுங்கள். கசியாத செராமிக் வகையும் பல இடங்களில் பொருந்தும்.

சி.என்.சி. மெஷினின் டிரைவை எடுத்துவிட்டு சாதாரண கணினி டிரைவை மாட்டினேன். எடுக்கவில்லை.

ஓசூர்ப் பக்கம் இந்தக் கேள்விதான் பெரிது, எனவே விரிவாகவே சொல்கிறோம்.

கேபிள் 34 பின் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எண் உண்டு. ஐ.பி.எம். வழிக் கணினியில் இரண்டு டிரைவுக்கும் ஒரே எண், அதாவது 1. ஏ எது, பி எது என்பதைக் கேபிளில் 10 முதல் 16 வரையுள்ள ஏழு இழைகளின் முறுக்கு தீர்மானிக்கிறது. மெஷின்களில் பெரும்பாலும் பழைய ஷுகார்ட் முறை. கேபிளில் முறுக்கு இருக்காது, டிரைவ் எண் 0 ஆக இருக்க வேண்டும். கணினி டிரைவில் அந்த எண்ணை மாற்ற ஜம்பர் இருந்தால் டி.எஸ்.0 இடத்துக்கு நகர்த்துங்கள். பிற்கால டிரைவ்களில் ஜம்பருக்குப் பதில் போர்டில் சிறு சால்டர் இணைப்புதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

அடுத்தது 34ஆம் பின். கணினி டிரைவ் அதில் "டிஸ்க் மாற்றப்பட்டது" என்று சொல்லும். பல மெஷின் கண்ட்ரோலர்கள் அதே பின்னில் "தயார்" என்ற சிக்னலை எதிர்பார்க்கும். அது வராவிட்டால் டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். மூன்றாவது, மெஷின் 720 கே.பி. எதிர்பார்க்கிறதா 1.44 எம்.பி.யா என்பது. கழற்றிய டிரைவின் மாடல் எண்ணை எழுதிவைத்து, அதன் ஜம்பர் நிலையை அப்படியே புகைப்படம் எடுக்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

டிரைவின் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டே இருந்தால் வேறு எதையும் தேடாதீர்கள். கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கிறது. சிவப்பு ஓரம் 1ஆம் பின் பக்கம் வர வேண்டும்.

தினசரி உற்பத்தி அந்த டிரைவை நம்பியிருக்கிறது என்றால், எங்கள் கருத்து தெளிவானது. பழைய டிரைவைச் சரிசெய்து பத்திரமாக வையுங்கள், ஓட்டத்துக்கு, ஃப்ளாப்பி டிரைவ்போல நடித்து பென் டிரைவிலிருந்து படிக்கும் கோடெக் வகை யு.எஸ்.பி. எமுலேட்டரை மாட்டுங்கள். அதில் ஃபிளாஷ்ஃபிளாப்பி மென்பொருளை ஏற்றினால் ஷுகார்ட் முறை, டிரைவ் எண், 34ஆம் பின் சிக்னல் மூன்றையும் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன், இருக்கிற ஃப்ளாப்பிகள் அனைத்தையும் இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல் கோப்பு) எடுத்துவிட வேண்டும். மெஷின் பராமீட்டர் உள்ள ஃப்ளாப்பி தொலைந்தால் மெஷினே நிற்கும்.

720 கே.பி. ஃப்ளாப்பி கிடைக்கவில்லை. 1.44 ஃப்ளாப்பியின் துளையை டேப் ஒட்டி மூடிப் பயன்படுத்தலாமா?

அவசரத்துக்கு ஓடும். நம்பிச் சேமிக்க வேண்டாம், இரண்டின் காந்தப் பூச்சும் வேறு. 5.25 அங்குலத்தில் அதுகூடச் சரிவராது. 360 கே.பி. டிஸ்க்கின் பூச்சு சுமார் 300 ஓர்ஸ்டெட் (காந்தப் பதிவை மாற்றத் தேவையான வலிமையின் அளவு), 1.2 எம்.பி. டிஸ்க்கின் பூச்சு சுமார் 600. 360 டிரைவின் எழுத்து மின்னோட்டத்தால் அதில் சரியாகப் பதிக்க முடியாது.

1.2 எம்.பி. டிரைவில் எழுதிய 360 ஃப்ளாப்பி பழைய கணினியில் படிக்கவில்லையே?

1.2 டிரைவில் ஓர் அங்குலத்துக்கு 96 டிராக், 360 டிரைவில் 48. எனவே 1.2 டிரைவின் ஹெட் பாதி அகலம்தான். அது எழுதும்போது பழைய அகலமான டிராக்கின் நடுவில் மட்டும் புதிய தகவல் விழும், ஓரங்களில் பழையது அப்படியே மிஞ்சும். அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். படிப்பதற்கு 1.2 டிரைவைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எழுதுவது 360 டிரைவிலேயே இருக்கட்டும். வேறு வழியில்லை என்றால், காந்த அழிப்பானால் முழுதாக அழித்த டிஸ்க்கில், 1.2 டிரைவிலேயே ஃபார்மட் செய்து எழுதுங்கள்.

மழைக்காலத்துக்குப் பிறகு ஃப்ளாப்பிகளில் பூசணம் பிடித்துள்ளது.

டிரைவில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். 3.5 டிஸ்க்கின் கதவைத் திறந்து, நடு உலோகத்தை விரலால் சுழற்றினால் முழுப் பரப்பும் தெரியும். வெள்ளைப் புள்ளிகள், மேகம் போன்ற படலம் என்றால் பூசணம். கறுப்புப் பூச்சு போய் ஒளி ஊடுருவும் வளையம் தெரிந்தால் அந்த இடத்துத் தகவல் போய்விட்டது, அந்த டிஸ்க் ஹெட்டையும் கெடுக்கும்.

பூசணம் பிடித்த 5.25 டிஸ்க்கை மீட்கலாம். உறையின் மேல் ஓரத்தை பிளேடால் கவனமாகத் திறந்து, உள்ளே இருக்கும் வட்டை வெளியே எடுங்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, வட்டை அதில் ஆட்டி, மென்மையான துணியால் மையத்திலிருந்து ஓரமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். நிழலில், தூசி படாமல் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் வட்டு நெளியும். போர்வெல் தண்ணீரில் அலசக் கூடாது, உப்புப் படிவு அப்படியே தங்கிவிடும். காய்ந்ததும் வேறொரு சுத்தமான டிஸ்க்கின் உறையில் போட்டு, ஒரே மூச்சில் இமேஜ் எடுத்துவிடுங்கள். பூசண டிஸ்க் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

படிக்கும்போது கிறீச்சென்று சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். பூச்சு உரிகிறது.

யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவால் எல்லாவற்றையும் படித்துவிடலாமா?

முடியாது. அது 3.5 அங்குலத்தில் கணினி வழக்கமான ஃபார்மட்டை மட்டும் அறியும். 1984இல் தொடங்கிய, பள்ளிக் கணினிக் கல்விக்கான கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவின் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு 40 டிராக், டிராக்குக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட் என மொத்தம் 100 கே.பி., அதுவும் பழைய எஃப்.எம். பதிவு முறையில். இதற்கெல்லாம் 5.25 டிரைவும் கிரீஸ்வீசில் அல்லது கிரையோஃப்ளக்ஸ் பலகையும் வேண்டும். அவை காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்வதால் ஃபார்மட் எதுவென்று பிறகு நிதானமாகக் கண்டுபிடிக்கலாம்.

அலைன்மெண்ட் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும், மற்ற டிரைவில் எழுதியதைப் படிக்காது என்பதுதான் அடையாளம். பெட்டியில் வந்த மூல மென்பொருள் டிஸ்க் இரண்டு மூன்றைப் படிக்க வைத்துப் பாருங்கள், அவை சரியான அலைன்மெண்டில் எழுதப்பட்டவை. எல்லாமே தவறினால் சந்தேகப்படலாம். இமேஜ்டிஸ்க் என்ற டாஸ் மென்பொருளில் அலைன்மெண்ட் சோதனை உண்டு. ஒரு டிராக்கில் நிறுத்திவிட்டு எத்தனை செக்டர் சரியாக வருகிறது என்று தொடர்ந்து காட்டும். ஸ்டெப்பர் மோட்டாரின் தற்போதைய இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வைத்த பிறகே ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்தி, மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். வெளி ஓரம், நடு, உள் ஓரம் மூன்றிலும் சரியாக வர வேண்டும். பிறகு 0 டிராக் சென்சாரையும் சரிபார்க்க வேண்டும்.

பழைய எம்.எஃப்.எம். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து துடைக்கலாமா?

மூடிய அறைக்குள் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து செய்யக்கூடியவை போதுமான அளவு உள்ளன. கிறீச்சிட்டால், அடியில் ஸ்பிண்டில் நுனியை அழுத்தும் செம்புத் தகடு காரணமாக இருக்கலாம். அது எர்த்துக்காக வைத்தது, தொடும் புள்ளியைத் துடைத்தால் பெரும்பாலும் அடங்கும். சுழலவே இல்லை என்றால் முதலில் டான்டலத்தைச் சோதியுங்கள். அது சரியென்றால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம். மின்சாரம் கொடுத்தபடி டிரைவை ஸ்பிண்டில் அச்சில் சட்டெனச் சிறிது திருப்பினால் சில நேரம் விடுபடும். ஓடத் தொடங்கினால் நிறுத்தாமல் அப்போதே தகவலை எடுங்கள்.

சீகேட் எஸ்.டி-225 (20 எம்.பி.) போன்றவை ஸ்டெப்பர் மோட்டாரில் ஓடுபவை, டிராக்கின் இடம் சூட்டோடு கொஞ்சம் நகரும். தகவலை மீட்ட பிறகு லோ லெவல் ஃபார்மட் செய்வதென்றால், அரை மணி நேரம் ஓடவிட்டு, பயன்படுத்தப்போகும் அதே நிலையில் வைத்துச் செய்யுங்கள். பல கண்ட்ரோலர்களில் டாஸின் டீபக் நிரலில் ஜி=சி800:5 (g=c800:5) என்று கொடுத்தால் அதற்கான மெனு வரும். அணைக்கும் முன் பார்க் கட்டளை கொடுக்கவும், எஸ்.டி-225 தானாக ஹெட்டை ஒதுக்காது.

பஸ்ஸில் எடுத்துச் செல்ல, வருடக்கணக்கில் வைக்க என்ன செய்வது?

5.25 டிரைவின் வாயில் பழைய ஃப்ளாப்பி ஒன்றையோ அதே அளவு அட்டையையோ செருகி, நெம்பை மூடுங்கள். இரண்டு ஹெட்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும். ஆன் செய்வதற்கு முன் அதை எடுக்க மறக்காதீர்கள். இரும்பு பீரோவில் வைப்பதில் தவறில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் இன்னும் நல்லது. அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி டிஸ்க்கின் மேல் படியும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, வண்டியை முதல் டிராக்கிலிருந்து கடைசி டிராக் வரை சில முறை ஓட்டினால் கிரீஸ் உறையாது. மார்ச் முதல் மே வரை கொளுத்தும் வெயிலில் காரின் டிக்கியில் ஃப்ளாப்பி டப்பாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள், உறை நெளிந்தால் டிஸ்க் சுழலாது.